எங்கள் அடுப்படிக்கு ஒரு வேட்பாளர்

போன தேர்தலில் நீங்கள் இரண்டு பேரும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலைக் காட்டினீர்கள். அப்போது சின்னவள், "அப்பா, நீங்க முதல்ல யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான். ஊரில் ஒன்றிரண்டு தடவை போட்டிருக்கிறேன், தாத்தா எந்தச் சின்னம் சொன்னாரோ அதில். நானாக யோசித்து, மனசுக்குள் மல்லுக்கட்டிப் போட்ட முதல் ஓட்டு ஊரில் போட்டதில்லை. வளைகுடாவில், துபாய்க்குப் பக்கத்துப் புஜைராவில், கேம்ப் சமையற்கட்டில் போட்டது. நான் ஒன்பதாவதோடு நின்றவன், எழுதுவதில் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடத்துக் குளிர். கடலோரத்தில் எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய பெரிய டேங்குகள் கட்டிக்கொண்டிருந்தோம். என் வேலை சாரம் கட்டுவது. டேங்க் உயர உயர, வெல்டர்கள் நின்று வேலை செய்யப் பைப்பும் பலகையும் வைத்துச் சாரத்தையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கம்பெனி எங்களைத் தங்க வைத்திருந்த கேம்ப் மலைக்குப் பின்னால் இருந்தது. தமிழ் ஆட்களுக்கு ஒரு சமையற்கட்டு, மலையாளிகளுக்கு ஒன்று, பாகிஸ்தான் பட்டான்களுக்கு ஒன்று. அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது, வேலைதான் பேர். ரிக்கர், வெல்டர், பெயின்டர். நான் "சாரம்".

எனக்கு அந்தச் சமையற்கட்டு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம்கூட அப்போது முழுசாகச் சொல்லவில்லை. அதற்கு முந்திய வருடம் வேறு கேம்பில் இருந்தேன். அங்கே சமைக்க விடமாட்டார்கள், வண்டியில் டப்பாச் சாப்பாடு வரும். விடிவதற்கு முன்னால் கட்டிய குழம்பை மதியம் வெயிலில் உட்கார்ந்து தின்போம். எனக்கு வயிற்றில் புண் வந்து, ஒருநாள் சைட்டிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "காரம் கூடாது. புதுசா ஆக்கினதை நேரத்துக்குச் சாப்பிடணும். முடியலேன்னா ஊருக்குப் போயிடு." அதனால்தான் ஆளைப் பிடித்து இந்தக் கேம்புக்கு மாறி வந்தேன். இங்கே தினமும் பாசிப்பருப்புப் போட்டுக் கஞ்சி வைத்துக் குடிப்பேன், வயிறு சொன்னபடி கேட்டது. அடுப்பு இருந்தால் நான் அங்கே இருக்கலாம். அடுப்பு போனால் ஊருக்கு வர வேண்டியதுதான். பெரியவன் அப்போதுதான் ஆறாவது சேர்ந்திருந்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் ரிக்கர். கிரேனில் இரும்பைக் கட்டித் தூக்குகிற வேலை. நம் தாலுகாக்காரர், ஊர் முறையில் எனக்கு மாமன். பிறகு இந்தக் கேம்புக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தோம். பேச்சு எப்போதும் சத்தம்தான், சிரித்தாலும் சத்தம். அவர் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது.

சமையற்கட்டில் சுவரை ஒட்டி வரிசையாக அடுப்புகள். நம் ஊரில் பஸ் சீட்டில் துண்டு போடுவோமே, அதே மாதிரி காலையில் டியூட்டிக்குப் போகும்போதே வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போவோம். சாயங்காலம் அந்த அடுப்பு நம்முடையது. இதில் ஜில்லாப் பாகுபாடு வேறு. ஜன்னலை ஒட்டிய நல்ல அடுப்பெல்லாம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்களான எங்களுக்கு. கதவுப் பக்கம் காற்றில் அணைந்து அணைந்து எரிகிற அடுப்பெல்லாம் கடலூர், விழுப்புரத்து ஆட்களுக்கு. யார் பாத்திரத்தை யார் நகர்த்தினாலும் சண்டை. கரண்டியெல்லாம் பறந்திருக்கிறது.

ஒருநாள் காலையில் யாரோ டீ போட்டுக் குடித்த அவசரத்தில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு, கேஸ் திருகைச் சரியாக மூடாமல் டியூட்டிக்குப் போய்விட்டார். மதியம் கூட்ட வந்தவருக்கு நாற்றம் அடித்து, அவர் ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். ஒரு தீப்பொறி விழுந்திருந்தால் கட்டடமே போயிருக்கும். சாயங்காலம் கேம்பை நடத்துகிற கேம்ப் பாஸ் வந்து அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "கிஸ்கா ஹை?" என்றான். யாருடையது என்று கேட்கிறான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

அவன் கையை உதறினான். "கலாஸ்! அடுத்த மாசத்திலேர்ந்து எல்லாருக்கும் டப்பாச் சாப்பாடு. இல்லேன்னா, இந்தச் சமையற்கட்டுக்கு நான்தான் பொறுப்புன்னு ஒரே ஒரு ஆள் என்கிட்ட வரணும். ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசிக்கிட்டு வராதீங்க."

கலாஸ் என்றால் முடிந்தது, அவ்வளவுதான் என்று அர்த்தம். அன்று ராத்திரி எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அந்த ஒரு ஆள் யார் என்பதில்தான் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தர் நம் ரிக்கர் மாமா. இன்னொருத்தர் கடலூர்ப் பக்கத்து எலக்ட்ரீஷியன். வயசு நாற்பதுக்குள்தான், ஒல்லி. அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியது சமையற்கட்டு மூடக் கூடாது என்பதுதான், வழிதான் வேறு.

மாமா சொன்னார்: "ஒருநாள் காலையில எவனும் பஸ் ஏறக் கூடாது. அவ்வளவுதான். டேங்க் நின்னுச்சுன்னா கம்பெனி தன்னால வரும். மாப்ள, உனக்காகத்தான்டா நான் நிக்கிறேன்." கடைசியில் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரியும்.

எலக்ட்ரீஷியன் சொன்னார்: "பாத்திரம் வச்சு இடம் புடிக்கிறத நிறுத்துவோம். ஜில்லாவும் வேணாம். எந்த பஸ்ஸு மொதல்ல வருதோ அந்த ஆளுங்க மொதல்ல சமைக்கட்டும். நாமளே ஒழுங்கா இருந்துகிட்டு அப்புறம் போய்க் கேப்போம்."

எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் அடுப்பு கையில் இருக்கிறவனிடம் போய் எல்லாரும் சமம் என்றால் சிரிக்கத்தானே செய்வான்!

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் கூடி முடிவு செய்வதாகப் பேச்சு. அதற்குள் இன்னொன்று நடந்தது. அது நடக்காவிட்டால் நான் மாமாவுக்குத்தான் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயம் தமிழ்ச் சேனல் வரும் கார்டு முடிந்துபோய் யாரும் புதுப்பிக்கவில்லை. சாப்பாட்டு ஹாலில் இருந்த டிவியில் இங்கிலீஷ் நியூஸ்தான் ஓடும். வெள்ளிக்கிழமை லீவு. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர், ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர், டிகிரி படித்தவர், எங்களுக்கு எடுத்துச் சொல்வார். கூட்டம் வைத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஓடியது அமெரிக்காவில் நடந்த ஒரு விவாதம். அங்கே ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால், ஒரே கட்சிக்குள் யாரை நிறுத்துவது என்பதையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம்.

"ஒரே கட்சிக்குள்ளயா?" என்றார் மாமா. "நம்ம ஊர்ல மேல இருக்கவரு கையக் காட்டுவாரு, முடிஞ்சுது சோலி. இவனுக ஏன் வீட்டுச் சண்டைய வீதிக்குக் கொண்டாறானுக?"

"அப்படி வீதிக்கு வந்தாத்தானுங்க யாரு எப்படின்னு தெரியும்" என்றார் டைம் கீப்பர்.

திரையில் இரண்டு பேர். அதில் ஒரு வேட்பாளர் மேலே கொஞ்ச நாளாகவே எல்லாருக்கும் ஒரு கண். அவர் கையை ஓங்கவில்லை. கூட்டம் கத்தினால், கத்தி முடிக்கட்டும் என்று நின்றார். "என்னங்க சொல்றாரு?" என்று ஒருத்தர் கேட்டார். டைம் கீப்பர், "சேர்ந்து இருக்கணும்ங்கறாருங்க. எனக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் நான்தான் ஆளுங்கறாரு. சுத்திச் சுத்தி அதேதானுங்க" என்றார்.

"இத எல்லா அரசியல்வாதியும்தானய்யா சொல்லுவான்" என்றார் மாமா. அதுவும் சரிதான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போது பள்ளிவாசலில் ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு சொன்னால் டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிடுவது எங்கள் கேம்பில் வழக்கம். சத்தத்தைக் குறைத்தார்கள், படம் மட்டும் ஓடியது. அதில்தான் நான் அந்த வேட்பாளரைச் சரியாகப் பார்த்தேன்.

எதிராளி அவரைப் பார்த்து ஏதோ சொல்கிறார். கை நீளுகிறது, முகம் சிவக்கிறது. என்ன குற்றம் என்று தெரியவில்லை, ஆனால் குற்றம்தான் சொல்கிறார். இவர் கேமராவைப் பார்க்கவில்லை. ஜனத்தைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கவில்லை. சொல்கிற ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்கிறார். நடுவில் ஒரு தடவை தலையை ஆட்டினார், ஆமாம் என்கிற மாதிரி. பிறகு தன் முறை வந்ததும் பேசினார்.

சத்தம் கூட்டியதும், "இப்ப என்ன பதில் சொன்னாருங்க?" என்று கேட்டேன். மறுபடி அதே இடத்தைப் போட்டபோது டைம் கீப்பர் கேட்டுச் சொன்னார்: "அவங்க சொன்னதுல ஒண்ணு சரிதான்னு ஒத்துக்கிட்டாருங்க. மத்ததுக்குத்தான் பதில் சொல்றாரு."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "சரின்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எதுக்குய்யா நிக்கிற? அவுகளுக்கே போட்டுட்டுப் போயிரலாமுல்ல!" ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் சத்தமில்லாமல் பார்த்த அந்த முகம் மனசை விட்டுப் போகவில்லை. அது நல்லவர் முகமா என்று என்னால் சொல்ல முடியாது. குரல் மெதுவாக இருப்பதால் மனசும் மெதுவாக இருக்கும் என்று கிடையாது, அந்தப் பொறுமையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கவும் செய்யலாம். ஒன்று மட்டும் பட்டது. திட்டுகிறவனுடைய வார்த்தையைக் கூட இந்த ஆள் காதில் போட்டுக்கொள்கிறார். அப்படியென்றால் என்னை மாதிரி ஆள் ஏதாவது சொன்னாலும் அங்கே போய்ச் சேரும். ஓட்டுப் போடுகிற ஜனத்துக்கு அவரிடம் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

எங்களுக்கு அந்த நாட்டில் ஓட்டு இல்லை, நின்றுகொண்டிருந்த நாட்டிலும் இல்லை. ஊரில் இருக்கிற ஓட்டைப் போடவும் வழி இல்லை. ஆனாலும் அன்று சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அமெரிக்காவுக்கு ஆள் தேர்ந்தெடுத்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் நான் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வழியில எல்லாரும் ஒழுங்கா இருந்தும், கேம்ப் பாஸ் முடியாதுன்னுட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

சட்டையை நீவிவிட்டார். "தெரியலண்ணே" என்றார். "மறுபடி போய்க் கேப்பேன். வேற என்ன செய்யறதுன்னு இன்னும் தோணல. உங்களுக்கு வயித்துல புண்ணுன்னு சொன்னாங்க. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு சொல்லுங்க. கேக்கப் போறப்ப அதையும் சேத்துச் சொல்லணும்."

எனக்குக் கோபம்கூட வந்தது. நிற்கிற ஆள் இப்படியா தெரியலை என்பது? மாமாவிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். ஆனால் அந்த மாமா, உனக்கு என்னதான்டா ஒத்துக்காது என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் சமையற்கட்டில் கூடினோம். எங்கள் ஆள் ஒருத்தர் ஆரம்பித்து வைத்தார். "எங்க ஊர்ல ஒன்னைய மாதிரி ஆளுகள கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரிக்கத்தான்யா கூப்புடுவோம்!" என்றார் எலக்ட்ரீஷியனைப் பார்த்து.

"விரிச்சிடறேண்ணே. நீங்கள்லாம் உக்காந்தாப் போதும்" என்றார் அவர்.

அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று இல்லாமல் சிரிப்பு. கிண்டல் செய்தவரும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து எழுந்தவர் சிரிக்கவில்லை. "மொதல்ல அந்தப் பாத்திரம் யாரோடதுன்னு கேளுங்கப்பா! கேஸைத் திறந்து போட்டது கடலூர்க்காரனுகதான். வெடிச்சிருந்தா பொணமாத்தான் போயிருப்போம். இவனுக வந்து நமக்கு ஒழுங்கு சொல்றானுக!"

எழுந்து நின்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கடலூர்ப் பக்கமிருந்தும் வசவு வந்தது. ஒருத்தர் கரண்டியைக் கூட எடுத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் அந்தக் குற்றம் சொன்னவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்:

"அண்ணன் சொல்றது சரி. அது எங்க ரூம் ஆளோட பாத்திரம். அன்னைக்குக் கேம்ப் பாஸ் கேட்டப்ப எனக்கும் தெரியும், சொல்லல. சொன்னா அந்த ஆளை அனுப்பிடுவான்னு பயம். உங்க கிட்டயாச்சும் சொல்லியிருக்கணும்."

அவர் பக்கத்து ஆள் ஒருத்தர், "யோவ், நீ யாருக்குய்யா நிக்கிற?" என்று கத்திவிட்டு வெளியே போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

மாமா அந்த இடத்தில் ஜெயித்திருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை போதும். அவர், "பாத்தீகளாடா! களவாணி தன்னால ஒத்துக்கிட்டான்!" என்றார். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். எனக்கு விசில் அடிக்க வாய் வரவில்லை.

கை தூக்கி எண்ணலாம் என்றார் மாமா. டைம் கீப்பர் வேண்டாம் என்றார். கை தூக்கினால் ஒவ்வொருத்தனும் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டுதான் தூக்குவான் என்றார். கடைசியில் எங்களுக்குத் தெரிந்த பொருளை வைத்தே செய்தோம். ஆளுக்கு ஒரு போல்ட், ஒரு நட்டு. மாமாவுக்கு போல்ட், எலக்ட்ரீஷியனுக்கு நட்டு. கதவுக்குப் பின்னால் மூடியில் ஓட்டை போட்ட இரண்டு பெயின்ட் வாளி. வேண்டியதை எண்ணப் போகிற வாளியில் போட்டுவிட்டு, வேண்டாததை அடுத்த வாளியில் போட வேண்டும்.

என் முறை வந்து கதவுக்குப் பின்னால் போனேன். உள்ளங்கையில் இரண்டும் இருந்தது. ரத்தவாந்தி எடுத்த அன்றைக்கு மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்ததை நினைத்தேன். தூக்கிக்கொண்டு போக அவரை மாதிரி ஆள் கிடைக்காது. ஆனால் இன்னொருத்தன் முன்னால் போய் நின்று கேட்க, பஸ் ஏறாமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்க? அந்த ஊரில் வேலை நிறுத்தம் என்றால் நேராக ஊருக்கு விமானம்தான். எனக்கு மட்டுமில்லை, அங்கே இருந்த அத்தனை பேருக்கும். நட்டைப் போட்டேன். சின்னச் சத்தம்தான், எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது.

எலக்ட்ரீஷியன் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் ஆட்களில் சிலர் அவருக்குப் போடவில்லை, எங்கள் ஆட்களில் என்னைத் தவிரவும் சிலர் போட்டிருக்க வேண்டும். மாமா ஜன்னல் அடுப்பில் இருந்த தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன், நானும் மாமாவும் தங்கியிருந்த ரூமுக்கே வந்தார். நான் கட்டிலில் இருந்தேன். "அண்ணே, கேம்ப் பாஸ்கிட்ட நீங்களும் வரணும்" என்றார் மாமாவிடம்.

"ஏன், ஜமுக்காளம் விரிக்கவா?"

"நான் பேசறது அவன் காதுல விழாதுண்ணே. நீங்க பக்கத்துல நின்னா விழும்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மாமா எழுந்து சட்டையை மாட்டினார். "வழியில ஒத்துக்கிறேன் கித்துக்கிறேன்னு எதையாவது ஒளறுன, அங்கேயே விட்டுட்டு வந்துருவேன்" என்றார்.

போய்ப் பேசினார்கள். முழுசாகக் கிடைக்கவில்லை. காலையும் மதியமும் டப்பாச் சாப்பாடு வரத்தான் செய்யும், சாயங்காலம் மட்டும் சமையற்கட்டு திறந்திருக்கும், சாவி எலக்ட்ரீஷியனிடம் என்று முடிவானது. சாயங்காலமே மறுநாளைக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்து, குளிர்ப் பெட்டியில் வைத்துக்கொள்ள எனக்குத் தனியாக அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்கள். டாக்டர் சொன்ன மாதிரி புதுசு இல்லை. ஆனால் காரம் இல்லை, வெயிலில் கிடந்தது இல்லை. வயிறு அதைத் தாங்கியது.

அந்த அமெரிக்க வேட்பாளர் பிறகு என்ன ஆனார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னதையெல்லாம் செய்தாரா என்று அளக்க எனக்குப் படிப்பு போதாது.

புது முறை வந்த முதல் சாயங்காலம் எங்கள் பஸ் கடைசியில் வந்தது. கதவுப் பக்கத்து அடுப்புதான் மிச்சம். நானும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, காற்றுக்கு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சமைத்தோம்.

"நீ எதைடா போட்ட?" என்றார், என்னைப் பார்க்காமல்.

சொல்லாமல் இருக்கலாம், அதற்குத்தானே மூடி வைத்த வாளி. ஆனால் என்னால் முடியவில்லை. "நட்டு, மாமா."

கரண்டியால் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"வயித்துக்காகப் போட்டியா, அவன் பேச்சுக்காகப் போட்டியா?"

"அவரு நம்ம ஆளு கத்துனப்ப, கேட்டுக்கிட்டு நின்னாரு மாமா. அதுக்காக."

அவர் அணைந்துபோன அடுப்பை மறுபடி பற்றவைத்தார். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை, எனக்கு அது வருத்தம்தான். ஆனால் தினமும் எங்கள் பஸ் வந்ததும், எனக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு அடுப்பருகே நின்றுகொள்வார். பாத்திரம் வைக்க மாட்டார், வெறும் ஆளாக நிற்பார். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்ததும் நகர்ந்துகொள்வார்.